அந்த இலக்கம் யார் பெயரில்?

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கு விலாசம் என்று ஒன்று இருந்ததில்லை. இப்படிச் சொன்னால் கொழும்பிலே வாழும் நண்பர்கள் வியப்படைகிறார்கள். "தோட்டத்துக்குப் பெயர் இருக்கிறதே!" என்கிறார்கள். உண்மைதான். தோட்டத்துக்குப் பெயர் இருக்கிறது. டிவிஷனுக்கும் பெயர் இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்கு, தபாற்காரர் தேடிவந்து கதவைத் தட்டுவதற்குரிய வீதியும் இலக்கமும் மிகப் பல தோட்டங்களில் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரும், சேராமலும் போகும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் பரீட்சை முடிந்த மறுவாரம் கைக்கு வந்த கதையைக் கேளாத ஆசிரியர் ஹட்டன் வட்டாரத்திலே அபூர்வம்.

இத்தகைய மக்களுக்குக் கைத்தொலைபேசி இலக்கம் வெறும் வசதி அன்று. அவர்களுடைய வரலாற்றிலே, துரையின் ஆபீசைச் சுற்றி வராமல் நேரே அவர்களை வந்தடையும் முதல் விலாசம் அது. உலகின் முதல் சிம் அட்டைகள் 1991 இல் பின்லாந்து நாட்டிலே பாவனைக்கு வந்தன. முதலிலே பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் பேசுகின்ற முற்கொடுப்பனவு முறை அத்தசாப்தத்தின் நடுவிலே தோன்றியது. மாதக் கடைசியிலே பில் அனுப்பும் முறைக்கு உத்தியோகமும் நிலையான விலாசமும் வேண்டும். முற்கொடுப்பனவோ அவ்விரண்டையும் கேட்பதில்லை. ஏழையை நம்பத் தேவையில்லாத வியாபாரம் அது. எனினும், ஏழையின் காம்பராவுக்குள்ளே முதன்முதலாக மணி ஒலித்ததும் அதனாலேதான். முதலாளித்துவம் தன் இலாபத்துக்காகச் செய்யும் சில காரியங்களால் மக்களுக்கும் நன்மை விளைவதுண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆயினும் தன் நாட்டிலே இருக்கும்வரைதான் இந்த விலாசம் ஒருவனுக்குச் சொந்தம். எல்லையைக் கடந்து அயல்நாட்டுச் சிம் ஒன்றைக் கையிலே எடுத்தவுடன், "இந்த இலக்கம் யார் பெயரிலே?" என்ற கேள்வி எழுந்து நிற்கிறது. சென்ற ஆண்டு சித்திரை விடுமுறையிலே தமிழ்நாட்டுக்குச் சென்றிருந்தபோது இக்கேள்வியை நாம் நேரிலே கண்டோம்.

நமது இலங்கைச் சிம்மையே அங்கும் பாவிக்கலாம். ஆனால் நாளொன்றுக்கு அவர்கள் அறவிடும் தொகை ஆசிரியச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. எனவே சென்னையிலே ஒரு கடைக்குப் போனோம். அந்நாட்டவருக்கு ஆதார் இலக்கமும் கைரேகையும் போதும். சில நிமிடங்களிலே காரியம் முடிந்துவிடுகிறது. நமக்கோ கடவுச்சீட்டு, விசாப் பிரதி, புகைப்படம், இவற்றுக்கும் மேலாக உள்ளூரிலே நம்மை அறிந்த ஒருவரின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் வேண்டுமென்றார்கள். அயல்நாட்டுப் பிரயாணிக்குக் கொடுக்கும் சிம் விசா முடியும்வரை, அல்லது மூன்று மாதம்வரை, எது முந்துகிறதோ அதுவரைதான் உயிரோடிருக்கும். கடைக்காரப் பையன் விண்ணப்பத்தைத் தட்டெழுதிக்கொண்டே, "நல்லாத் தமிழ் பேசுறீங்களே சார், எந்த நாடு?" என்று கேட்டான். அவன் மேலே குற்றமில்லை. "வெளிநாட்டார்" என்ற கட்டத்திலே அடையாளமிட வேண்டியது அவனுடைய தொழில்.

ஆனால் நமக்கு அந்தக் கட்டம் புதிதன்று. நமது சொந்த நாட்டின் குடிசன மதிப்பீடு நெடுங்காலமாக நம்மை "இந்தியத் தமிழர்" என்றே எழுதி வந்திருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நமது பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரிலே சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியிலே அமர்ந்து 9,75,000 மனிதர்களைக் கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மனிதர்களை யாரும் கேட்கவில்லை. இலங்கையிலே இந்தியர், இந்தியாவிலே வெளிநாட்டார்! ஒரு சிம் வாங்கப் போன இடத்திலே இவ்வளவையும் நினைக்க வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். நினைக்காமலிருக்க நம்மால் முடியவில்லை.

உள்ளூர் ஆளுக்கு எங்கே போவது? கோத்தகிரியிலே நமது பெரியப்பா மகன் இருக்கிறார். டிக்கோயாவிலே பிறந்தவர், எழுபதுகளின் தொடக்கத்திலே சிறுவனாகத் தலைமன்னாரிலே கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குப் போனவர். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 இல் ஆரம்பித்து, 1976 இல் "டான்டீ" என்ற கழகமாக்கிய தேயிலைத் தோட்டத்திலேதான் அவருடைய ஆயுளும் கழிந்தது. இங்கே கொழுந்து பறித்தவரின் மகன் அங்கேயும் தேயிலையிலேதான் உழைத்தான். அவருடைய இலக்கத்தைக் கொடுத்தோம். உறுதிப்படுத்தும் எண்கள் அவருடைய கைத்தொலைபேசிக்குப் போக, அவர் மலையிலிருந்து அவற்றை வாசித்துச் சொல்ல, சென்னையிலே நமது சிம் உயிர் பெற்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனபோது அண்ணன் சொன்னார்: "அம்பது வருஷமா எங்களை இங்க சிலோன்காரங்கன்னுதான் தம்பி சொல்றாங்க. இன்னிக்கு சிலோன்ல இருந்து வந்த ஒனக்கு நான் இந்தியான்னு சாட்சி சொல்லிட்டேன் பாத்தியா!" சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தார். நாம் "ரீலோட்" என்றால் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அங்கே அது "ரீசார்ஜ்".

நாம் ஊர் திரும்பிய பின் அந்த இலக்கம் செத்தது. இறந்த இலக்கத்தைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நமக்கு அதனாலே நட்டம் ஒன்றுமில்லை. வேறு சிலருக்கு அது எப்படிப்பட்ட நட்டமென்பதை நமது வகுப்பறைதான் நமக்குக் கற்பித்தது.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. தாய் வளைகுடாவிலே வீட்டு வேலை செய்கிறாள். பிள்ளையின் தமிழ்க் கொப்பியின் கடைசிப் பக்கத்திலே ஐந்து இலக்கங்கள் எழுதப்பட்டிருந்தன; நான்கின் மேலே கோடு கிழிக்கப்பட்டிருந்தது. முதல் இலக்கம் முதல் எசமானியின் வீடு. இரண்டாவது, ஆள் பிடித்துக் கொடுக்கும் கந்தோரின் அறையிலே படுத்திருந்த நாட்களிலே பக்கத்துப் பெண் இரவல் கொடுத்தது. மூன்றாவது இரண்டாம் எசமானியின் வீடு. நான்காவது இலக்கம் மூன்று மாதம் மௌனமாயிருந்து, பிறகு ஒருநாள் ஒலித்தபோது, முன்பின் அறியாத ஓர் ஆண்குரல் அரபு மொழியிலே ஏதோ கேட்டதாம். பிள்ளை பயந்து துண்டித்துவிட்டாள். "அம்மாவோட நம்பர் வேற யாருக்கோ போயிருச்சு சேர்" என்றாள். தாயின் வாழ்க்கை வரலாறு முழுவதும் அந்த ஐந்து வரிகளுக்குள்ளே அடங்கியிருந்தது.

ஏன் இப்படி நேர்கிறது? அந்நாடுகளிலே சிம் வாங்க அந்நாட்டு வதிவிட அடையாள அட்டை வேண்டும். சவூதி அரேபியாவிலே 2016 முதல் கைரேகையும் வேண்டும். புதிதாகப் போய் இறங்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அந்த அட்டை கைக்கு வரச் சில காலம் ஆகும். வந்தாலும் அது பெரும்பாலும் எசமானின் அலுமாரியிலே, கடவுச்சீட்டுக்குப் பக்கத்திலே கிடக்கும். கடைக்குப் போய்வரவும் அவளுக்குச் சுதந்திரமில்லை. ஆகவே எசமான் தன் பெயரிலே வாங்கித் தருகிற சிம்தான் அவளுக்கு வாய்க்கிறது. ரீலோட் பணத்தைச் சம்பளத்திலே கழிக்கிறவர்கள் உண்டு; இரவு பத்துக்கு மேலே கைத்தொலைபேசியை வாங்கி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவள் அந்த வீட்டைவிட்டு வெளியேறிய அன்றே அந்த இலக்கமும் அவளை விட்டுப் போய்விடுகிறது. அடிபட்டு ஓடுகிறவளுக்கு இலக்கம் மிகவும் தேவைப்படுகிற நாளும் அதுதான்!

இணைய வழியாகப் பேசலாமே என்பார்கள். சவூதியிலே 2017 வரை அதற்கும் தடை இருந்தது. ஐக்கிய அரபு இராச்சியத்திலே சாதாரண வாட்ஸ்அப் அழைப்பு நெடுங்காலம் அடைபட்டே இருந்தது. அனுமதி பெற்ற செயலிக்குக் காசு கட்டித்தான் பலர் பேசினார்கள். தாயும் பிள்ளையும் பேசுவதிலும் ஒரு கம்பனிக்குப் பங்கு வேண்டியிருக்கிறது.

நமது முன்னோர் இதை வேறொரு பெயரிலே அறிந்திருந்தார்கள். கடனைக் கட்டினால் ஆளை விடுவிக்கலாம் என்று எழுதிய "துண்டு" இல்லாமல் அக்காலத்திலே ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. காகிதத் துண்டு அவனுடையது. அதிலே எழுதும் கை அவனுடையதன்று. 1921 இலே சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழிந்து அவனுடைய கொள்ளுப்பேத்தி நகக்கண் அளவான ஓர் அட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். பெயர் எழுதும் கை இப்போதும் அவளுடையதன்று.

2011 ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் தாபனத்து 189 ஆம் உடன்படிக்கை, வீட்டுப் பணியாளர் தம் பிரயாணப் பத்திரங்களையும் அடையாளப் பத்திரங்களையும் தாமே வைத்திருக்க உரித்துடையவர் என்று கூறுகிறது. குவைத்து நாடு 2015 இலே இயற்றிய வீட்டுப் பணியாளர் சட்டமும் கடவுச்சீட்டைப் பிடித்துவைக்கக் கூடாதென்கிறது. நல்லது. தொழிலாளியின் சொந்தப் பெயரிலே பதிவான இலக்கமும் அந்தப் பத்திரங்களின் வரிசையிலே சேர வேண்டும் என்பதே நமது கருத்து. வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஒப்பந்தத்திலே சம்பளத்துக்கு ஒரு வரி இருப்பதுபோல இதற்கும் ஒரு வரி இருக்கட்டும்: விமான நிலையத்திலே எசமானின் கையிலே ஒப்படைக்கும் முன்னர், அவள் பெயரிலே ஒரு சிம் அவள் கையிலே. 2022 இலே நாடு வங்குரோத்தானபோது அந்நியச் செலாவணிக்காக இந்தப் பெண்களின் பணத்தை எதிர்பார்த்திருந்த அரசுக்கு இது பெரிய கோரிக்கையாகத் தோன்றாது என்று நம்புகிறோம். அப்பணம் அந்த ஆண்டிலே 380 கோடி டொலராகக் குறைந்தது. 2024 இலே 650 கோடிக்கு மேலே ஏறியது.

2025 நவம்பர் இறுதியிலே "டித்வா" புயல் வந்து மலை சரிந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. இங்கே மின்சாரமில்லை, தொடர்பு அறுந்துபோயிற்று. மகள் அங்கே காசு கட்டிக் கட்டி அழைக்க, லயத்திலே மணி ஒலிக்கவில்லை. தொடர்பு மீண்ட பின்னர் அந்த மாணவி வந்து, "அம்மா எண்பது தடவ எடுத்திருக்கு சேர்" என்றாள். கொப்பியிலுள்ள ஐந்தாவது இலக்கம் அது. இன்னும் கோடு விழவில்லை.

சட்டம் வரும்வரை சும்மா இருப்பதற்கில்லை. வெளிநாடு போகவிருக்கும் தாய்மாரை இப்போது சனிக்கிழமைகளிலே பள்ளிக்கூடத்துக்கு அழைக்கிறோம். இரண்டு சிம் போடுகிற கைத்தொலைபேசியே வாங்குங்கள் என்கிறோம். இலங்கைச் சிம்மை எறிந்துவிடாதீர்கள். சிறு தொகைக்கு ரீலோட் செய்து அதை உயிரோடு வைத்திருங்கள். வங்கியிலிருந்து வரும் இரகசிய எண் அதற்குத்தான் வரும். அந்நாட்டுச் சிம்மைப் போட்ட பின்னரும் வாட்ஸ்அப் பழைய இலங்கை இலக்கத்திலேயே இயங்கும். இலக்கத்தை மாற்றவா என்று கேட்டால் வேண்டாமென்று சொல்லுங்கள். அப்படிச் செய்தால் எத்தனை வீடு மாறினாலும் பிள்ளையின் கொப்பியிலே கோடு விழாது. கைத்தொலைபேசியையே பறித்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு தாய் கேட்டாள். அதற்குத்தான் கடைசிப் பாடம்: வீட்டு இலக்கத்தை நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து மனப்பாடம் செய்வது. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் அதைச் செய்கிறார்கள். மகள் முன்னே நின்று சொல்லிக்கொடுக்க, தாய் கைகளைக் கட்டிக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையைப்போலச் சொல்லிப் பார்க்கிறாள்: பூச்சியம், பூச்சியம், ஒன்பது, நாலு...