காய்ச்சல் தணிந்த நாள்கள்

1976ஆம் ஆண்டு அடைமழைக் காலம். கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இடைப்பட்ட நெம்மேலியில், எங்கள் ஓலை வீட்டில் என் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. அவளுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. அம்மா அவளை இடுப்பில் சுமந்து பக்கத்து ஊர் மருத்துவரிடம் கொண்டு சென்றார்கள். "ஊசி போட்டால்தான் தணியும், ஐயா" என்று கேட்டவர்களும் அவர்கள்தாம். வலது தொடையில் ஊசி போட்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. குழந்தை முற்றத்தில் ஓடி விளையாடினாள். நான்கு நாள் கழித்து மீண்டும் காய்ச்சல். விடிந்து பார்த்தபோது வலது கால் துவண்டு கிடந்தது.

"நான் கேட்டுப் போட்ட ஊசி" என்று அம்மா முப்பது ஆண்டுகள் தம்மையே நொந்துகொண்டார்கள். அத்தா எவ்வளவு தேற்றியும் பயனில்லை.

இளம்பிள்ளைவாதக் கிருமி குடலில் வளரும் வைரஸ் இனத்தது. மலம் கலந்த நீர் வழியாகவோ அழுக்குக் கை வழியாகவோ வாய்க்குள் புகுந்து, தொண்டையிலும் குடலிலும் பெருகிக் குருதியில் இறங்குகிறது. முதல் காய்ச்சல் அப்போது வருவதுதான். பெரும்பாலோர்க்கு அதோடு சரி. பலருக்கு அதுகூடத் தெரியாது. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே தண்டுவடம் வரை சென்று, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது.

இக்குருதிப் பயணத்தை அறிஞர்களே நெடுங்காலம் நம்பவில்லை. கால் விழுந்த பிறகு குருதியைச் சோதித்தார்கள். அதற்குள் உடலின் எதிர்ப்பொருள் கிருமியை அங்கிருந்து அகற்றிவிட்டிருந்தது. 1952இல் அமெரிக்காவில் டாரதி ஹார்ஸ்ட்மன், டேவிட் போடியன் இருவரும் தனித்தனியே, குரங்குகளுக்கு வாய்வழி கிருமியைக் கொடுத்து, வாதம் தோன்றும் முன்பே குருதியில் அதைக் கண்டார்கள். குருதியிலேயே அதை மறிக்கலாம் என்ற நம்பிக்கை அப்போது வலுத்தது. 1955இல் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி வந்தது.

அப்படியானால் அம்மா கேட்டுப் போட்ட அந்த ஊசி? அது குற்றமற்றதென்று நான் சொல்ல முடியவில்லை. குருதியில் கிருமி உலவும் வேளையில் தசை காயப்பட்டால், அத்தசையின் நரம்பு வழியே கிருமி தண்டுவடத்துக்கு எளிதாக ஏறுகிறது என்று 1998இல் எலிகளில் கண்டறிந்திருக்கிறார்கள். காய்ச்சல் என்றதும் ஊசி கேட்கும் வழக்கமோ நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

2006இல் இதை அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். "ஊசிக்கு முன்பே கிருமி அவள் குருதியில் இருந்ததம்மா. காய்ச்சலே அதனால்தான்."

வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்போ அந்தக் கிணற்றுத் தண்ணியா?" என்று கேட்டார்கள். எனக்கு விடை தெரியவில்லை.

1995 டிசம்பர் 9 அன்று நாடெங்கும் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, பேரனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் முதலில் நின்றவர்கள் அவர்கள். "வாயிலேதானே? ஊசி இல்லையே?" என்று மூன்று முறை கேட்டார்களாம். 2014 மார்ச் 27 அன்று இந்தியாவில் இந்நோய் ஒழிந்ததென்று சான்றளிக்கப்பட்ட செய்தியைக் கேட்க அவர்கள் இல்லை. தங்கைதான் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாளிதழை எனக்கு வாசித்துக் காட்டினாள்.