மாத்திரை பெயர் கேட்கத்தான் போன் செய்தேன்

போன மாதம் ஒருநாள், ராத்திரி 8 மணி. "நெஞ்சு எரியுதுடா, கேஸ்தான். மாத்திரை பேரை மட்டும் கேளு" என்றார் அப்பா. குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கு அடித்தேன். நர்ஸ் அக்கா எடுத்தார். மாத்திரை பெயரைச் சொல்லவே இல்லை.

"வேர்க்குதா தம்பி? தாடை, இடது கை வலிக்குதா? மூச்சு வாங்குதா?"

நிருபரான எனக்கு எரிச்சல். கேள்வி கேட்பது என் வேலையாச்சே! அப்பாவின் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். தொப்பலாக நனைந்திருந்தது.

"சுகர் இருக்கறவர், வலி பெருசா தெரியாமலும் போகும். இங்க வராதீங்க. 108-க்கு அடிங்க. அவரை நடக்க விடாதீங்க. டாக்டர்கிட்ட நான் சொல்றேன்."

மாரடைப்புதான். அப்பா பிழைத்துக்கொண்டார்.

நன்றி சொல்லப் போனேன். போனைத் தோளில் இடுக்கியபடி, "குழந்தை கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கையாலேயே என்னை உட்காரச் சொன்னார்.