மகள் வயிற்றுப் பேரன்

ஜொகூரில் வசிக்கும் நம் தமக்கையார் ஒரு காலத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருக்கு மகன் ஒருவன், மகள் ஒருத்தி. இருவரும் பிழைப்பின் பொருட்டுத் துபாய்க்குச் சென்றனர். மகன் பிலிப்பீன் தேசத்துப் பெண்ணை மணந்தான். மகள் தமிழ்நாட்டு வாலிபர் ஒருவரை மணந்தாள். 2015-ஆம் ஆண்டில் இரு தம்பதிகளுக்கும் அந்நகரிலேயே ஆண்மகவு பிறந்தது. மகனுடைய குழந்தை முறைப்படி பதியப்பெற்று மலேசியப் பிரஜையாயிற்று. மகளுடைய குழந்தையோ அந்நியனாயிற்று.

தாயாரைப் பராமரிக்கவேண்டி மகள் பிள்ளையுடன் ஊர் திரும்பியபோதுதான் இதன் பொருள் நமக்கு விளங்கிற்று. ஆண்டுதோறும் அனுமதிச் சீட்டுக்கு அலைச்சல். ஓர் இரவு பையனுக்குக் கடுஞ்சுரம். நாமே உடன் சென்றோம். அரசாங்க மருத்துவமனையில் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு அந்நியருக்குரிய கட்டணத்தைக் கேட்டனர். அங்கிருந்த குமாஸ்தாவைக் குறை கூறோம். அவர் விதிப்படி நடந்தார். தமக்கையார் மட்டும், "மகன் பெற்றவன் உள்ளூரான், மகள் பெற்றவன் வெளியூரானா, தம்பி?" என்று கேட்டார். நாம் வாய் திறக்கவில்லை.

வாய் திறவாமைக்குக் காரணம் உண்டு. இரு பேரர்களுக்கும் பெயரிட்ட காலத்தில், மகன் பிள்ளைக்கு அரைஞாணும் காப்பும் போட்டவர் நாம். மகள் பிள்ளைக்கு ஒரு சட்டைத்துணியோடு நின்றோம். "அவன் அந்த வீட்டுப் பிள்ளைதானே" என்று அன்று சொன்னதும் நாமே. சீர்திருத்தம் பேசும் நாவுக்கு வீட்டிற்குள் வேறு பாஷை!

சட்டம் பேசுவதும் அதே பாஷைதான். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் "தந்தை" பிரஜையாயிருத்தல் வேண்டுமென்றே மலேசிய அரசியல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை எழுதப்பட்டது. அதே நூலின் எட்டாம் பிரிவில், ஆண் பெண் என்ற பேதம் பாராட்டலாகாது என்னும் பொருள்பட ஒரு சொல் 2001-ல் சேர்க்கப்பட்டது. ஒரே புத்தகம், இரண்டு நியாயம்!

வெள்ளையர் நாட்டிலும் நெடுங்காலம் இதே கதைதான். வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தாய்வழியே பிரஜா உரிமை கிடைக்கும் முறை பிரிட்டனில் 1983-ல்தான் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவில் 1992-ல், சிங்கப்பூரில் 2004-ல்.

ஆப்பிரிக்காவிலுள்ள போட்ஸ்வானாவில் நடந்த வழக்கு யாவரும் அறியத்தக்கது. யூனிட்டி டோ என்னும் வழக்கறிஞர் அமெரிக்கர் ஒருவரை மணந்தார். மணத்திற்கு முன் பிறந்த மூத்த மகள் அந்நாட்டுப் பிரஜை. மணந்த பின் அதே மண்ணில் பிறந்த இரு குழந்தைகளும் பிரஜைகளல்லர்! முறைப்படி மணந்ததற்குத் தண்டனையோ இது? எங்கள் சமூகம் தந்தைவழிச் சமூகம், சட்டமும் அவ்வழியே நிற்கும் என்று அரசாங்கம் வாதாடிற்று. அம்மையார் 1991-ல் வென்றார். மேல்முறையீட்டிலும் 1992-ல் வென்றார். 1995-ல் சட்டமே திருத்தப்பட்டது. பின்னர் அவரே உயர் நீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியானார். அந்த அரசாங்கத்தின் வாதத்தைப் படித்தபோது, காப்புக்குப் பதில் சட்டைத்துணி கொடுத்த நம் கையே நினைவுக்கு வந்தது.

மலேசியத் தாய்மாரும் நீதிமன்றம் ஏறினர். தந்தை என்பதில் தாயும் அடங்குவாள் என்று 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகள் மூவருள் இருவர் அதனைப் புரட்டினர், ஒருவர் மாறுபட்டார். முடிவில் 2024 அக்டோபரில் மக்களவை அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றிற்று. தாய்க்கும் அவ்வுரிமை எழுதப்பட்டது.

தமக்கையார் வீட்டில் அன்று பாயசம் வைத்தனர். நாம்தான் பத்திரிகையை முழுதும் வாசித்துவிட்டு, திருத்தம் இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கேயன்றி முன்னரே பிறந்தோருக்கன்று எனச் சொல்லவேண்டியதாயிற்று. மகள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

பையனுக்காகத் தனியே மனுக் கொடுத்திருக்கிறாள், பதில் வரவில்லை. மனுவின் ரசீதைத் தமக்கையார் தம் வெற்றிலைப் பெட்டியில் வைத்திருக்கிறார். சென்ற தீபாவளிக்கு நாம் ஒரு காப்பு வாங்கிச் சென்றோம். அது அவன் கைக்குச் சிறிதாய்ப் போயிற்று.