மீன் சாஸும் பணியாரச் சட்டியும்

போன மே மாதம் அக்கா குடும்பத்தோடு ஐந்து நாள் பாங்காக் போய் வந்தேன். "இவனுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று வயிறு எரிபவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். எனக்கு டிக்கெட் போட்டதே ஒரு காரணத்துக்காகத்தான். அக்கா மகனுக்குச் சோறு ஊட்டுவது! அது எப்பேர்ப்பட்ட வேலை என்று முன்னாடியே தெரிந்திருந்தால், வீட்டிலேயே உட்கார்ந்து அரியர் பேப்பருக்குப் படித்திருப்பேன்.

நம்ம வாண்டுக்கு ஐந்து வயது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம், முட்டை கூட வாசலைத் தாண்டி உள்ளே வராது. இதுபோக அவனுக்கென்று தனிச் சட்டம் வேறு இருக்கிறது. இட்லி ஓரம் உடைந்திருக்கக் கூடாது. தயிர்சாதத்தில் கடுகு தெரிந்தால் அது பூச்சி. வெள்ளையாக இருப்பதெல்லாம் சாப்பாடு, பச்சையாக இருப்பதெல்லாம் எதிரி. அவ்வளவுதான் சட்டம்.

ஆச்சிக்கு இது தெரியாதா? கிளம்பும்போது இட்லிப் பொடி, பருப்புப் பொடி, அவல், முறுக்கு என்று பாதிப் பெட்டியை அவளே நிரப்பிவிட்டாள். அத்தானின் சட்டைகள் கைப்பைக்கு இடம் மாறின. "பிள்ளை இளைச்சு வந்தான்னா உன்னைத்தான் கேப்பேன்" என்று என்னிடம் மிரட்டல் வேறு.

முதல் நாள் காலையே ஆரம்பித்தது. பாங்காக் நம்மை விட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே எட்டு மணிக்கு டிபன் சாப்பிடு என்றால், அவன் வயிற்றுக்கு அது ஆறரை மணி. "பசிக்கல" என்றான். பசி வந்தபோது நாங்கள் ரயிலில் இருந்தோம்.

மதியம் சிலோம் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். கோபுரத்தைப் பார்த்ததும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே ஒரு நம்மூர் ஓட்டலைத் தேடிப் பிடித்து இட்லி வாங்கினோம். வெற்றி என்று நினைத்தோம். வாண்டு இட்லியை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம வீட்டு இட்லி இல்ல" என்று தட்டைத் தள்ளிவிட்டான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சைவம் கிடைப்பது ஒரு பிரச்சினை, இவன் சாப்பிடுவது வேறு பிரச்சினை. நாங்கள் ஐந்து நாளும் முதல் பிரச்சினைக்கு மட்டும்தான் தயாராகப் போயிருந்தோம்.

அந்த முதல் பிரச்சினையிலும் நான் கோட்டை விட்டேன் என்பதுதான் கதை.

தாய் மொழியில் சைவத்துக்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'மங்சவிரட்'. காதில் கேட்டதும் எங்கேயோ இடிக்கிறதா? நம்ம 'மாமிசம்' என்ற சொல்லுக்குச் சொந்தக்கார வடமொழிச் சொல்தான் அதற்குள் இருக்கிறது. ஆனால் அதில் முட்டை வரலாம். இன்னொன்று 'ஜே'. சீனர்கள் வழியில் வந்த கடுமையான விரதச் சாப்பாடு. கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுக்குக் கூடத் தடா. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் ஜே கடை. அந்த எழுத்து பார்ப்பதற்கு 17 என்ற எண் மாதிரி இருக்கும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் ஜே திருவிழா வரும்போது ஊர் முழுக்க மஞ்சள் கொடிதான். நாங்கள் போனது மே மாதம் ஆயிற்றே.

இதெல்லாம் நான் பிற்பாடு கற்றுக்கொண்டது. இரண்டாம் நாள் மதியம் எனக்குத் தெரிந்ததெல்லாம் "வெஜிடபிள், நோ சிக்கன்" மட்டும்தான்.

சின்னச் சந்துக்கடை. பக்கத்துக் கடையில் முழு மீனை உப்புப் பூசிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாண்டு அதையே பார்த்தான். நான் வாங்கி வந்த ஃப்ரைட் ரைஸைப் பார்த்தான்.

"மாமா, இதுல மீன் இருக்கா?"

"இல்லடா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பசி வேறு. மூன்று ஸ்பூன் சாப்பிட்டான். அக்கா முகத்தில் அப்படியொரு நிம்மதி. நான் பெருமையாகத் திரும்பினால், கடைக்கார அம்மா அடுத்த ஆளுக்கு அதே ஃப்ரைட் ரைஸ் போட்டுக்கொண்டிருக்கிறார். கையில் ஒரு பாட்டில். வாணலியில் நாலு உதறு. பாட்டில் மேல் மீன் படம்.

நாம்ப்ளா. மீன் சாஸ். மீனை உப்பில் ஊறவைத்து மாதக்கணக்கில் புளிக்கவைத்து எடுக்கிற சாறு. அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. நமக்கு உப்பு மாதிரி அவர்களுக்கு அது. காய் மட்டும் என்று கேட்டேன், காய் மட்டும் போட்டார். "உப்பு போட்டீங்களா?" என்று நாம் கேட்போமா என்ன?

ஸ்பூனைக் கையில் பிடித்தபடி யோசித்தேன். எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று ஸ்பூன் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டால் நாலாவது ஸ்பூனும் போகும், பையன் வயிறு நிறையும். உண்மையைச் சொல்கிறேன், பத்து விநாடி நான் மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் 'சத்தியமா' என்று சொல்லித் தொலைத்திருந்தேனே. தட்டை இழுத்துக்கொண்டு அக்கா காதில் சொன்னேன். அக்கா அத்தானிடம் சொல்ல, அது வாண்டு காதிலும் விழுந்துவிட்டது.

அழுவான் என்று பார்த்தேன். அழவில்லை. "மாமா பொய் சொல்லிட்டாங்க" என்றான். அவ்வளவுதான். அந்தத் தொனியில் என்னிடம் பேச எங்கள் ஹெச்.ஓ.டி.யாலேயே முடியாது.

அதற்கப்புறம் முழு உண்ணாவிரதம். கெட்டில் வெந்நீரில் அவல் நனைத்துப் பருப்புப் பொடி போட்டோம், வேண்டாம். 24 மணி நேரக் கடையில் வெள்ளைச் சாதமும் தயிரும் வாங்கிப் பிசைந்தால், தயிரில் சர்க்கரை! தயிர்சாதம் பாயசமாகிப் போனது. அங்கே மே மாதம் மாம்பழக் காலம். தேங்காய்ப்பாலில் கலந்த பசையரிசிச் சோறும் மாம்பழமும், மீன் வாடையே இல்லாத சுத்த சைவம். அதற்கும் தலையாட்டல். அவன் தின்றது வாழைப்பழம் மட்டும்தான். அதுவும் அவனே உரித்தால்தான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. போனில் தேடினேன். இரண்டிலிருந்து ஆறு வயது வரை பிள்ளைகளுக்குப் புதுச் சாப்பாடு என்றாலே பயம் இருப்பது சகஜமாம், பல தடவை கண்ணில் பட்டுப் பழகினால்தான் போகுமாம். சரி, அது பொதுவான விஷயம். இவன் ஏன் வாழைப்பழம் மட்டும் தின்றான்? யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. அதில் யாரும் எதையும் ஊற்றியிருக்க முடியாது. இவனுக்குப் பிடிவாதம் இல்லை, எங்கள் மேல் நம்பிக்கை இல்லை.

மூன்றாம் நாள் காலை, ரயில் நிலையத்துக்குக் கீழே ஒரு தள்ளுவண்டி. வாண்டு என் கையை இழுத்து நிறுத்தினான். "மாமா, ஆச்சியோட சட்டி!"

நிஜமாகவே பணியாரச் சட்டிதான். குழி குழியாக இரும்புச் சட்டி, அதில் வெள்ளை மாவு. 'கனோம் குரோக்' என்று பெயர். குரோக் என்றால் உரல், குழியைப் பார்த்து வைத்த பெயராம். "சூப்பர்டா, இது வெஜ்தான், சாப்பிடு" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன். போனில் தாய் மொழிக்கு மாற்றி அந்தப் பாட்டியிடம் காட்டினேன்: மாவில் என்ன இருக்கிறது? மீன் சாஸ் உண்டா? பாட்டி சிரித்துவிட்டுப் பாத்திரங்களின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து அவனிடமே காட்டினார். அரிசி மாவு. தேங்காய்ப்பால். சர்க்கரை. மேலே தூவ வெங்காயத்தாள். வாண்டு குனிந்து மோந்து பார்த்தான். வெங்காயத்தாளைக் கைகாட்டி "பச்சை வேண்டாம்" என்றான், தமிழில்தான். பாட்டிக்குப் புரிந்தது.

ஆறு பணியாரம் உள்ளே போனது. அக்கா அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மிச்ச நாட்களிலும் பெரிய அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. காலையில் பணியாரம், மதியம் ஜே கடையில் வெறும் சோறும் டோஃபுவும், அதில் பாதி மிச்சம். ஆனால் எங்கே போனாலும் அவனை அடுப்புப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் தட்டை நீட்டினேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றேன். அதற்கே பாதிச் சோறு இறங்கியது.

ஊர் திரும்பிய அன்று ஆச்சி ஆசையாகச் சாம்பார் வைத்து இலை போட்டாள். வாண்டு உட்காரவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், "ஆச்சி, இதுல மீன் சாஸ் போட்டியா?" என்றான்.

ஆச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதற்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.