வெடிக்காத வெடி

தீபாவளிக்கு மறுநாள் காலையில் உங்கள் தெருவைக் கவனித்திருக்கிறீர்களா? காகிதக் குப்பைக்கு நடுவே நாலு பையன்கள் குனிந்து, திரி கருகியும் வெடிக்காமல் போன வெடிகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். 'நமுத்துப் போச்சுடா' என்று முந்தின ராத்திரி கைவிடப்பட்டவை. பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்து கொளுத்துவார்கள். வெடித்துத் தீர்ந்த சரத்தால் இனி யாருக்கும் ஆபத்து இல்லை. வெடிக்காததுதான் வம்பு.

துப்பாக்கித் தோட்டாவிலும் இதே கதைதான். கல்லூரியில் என்.சி.சி.யில் எங்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்த ஹவில்தார் வடக்கத்திக்காரர். குறி பார்ப்பது பற்றி ஐந்து நிமிஷம்தான் பேசினார். விசையை இழுத்தும் சுடாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். "கோலி வரல்லே? ஹிலோ மத்! அப்படியே படு. தீஸ் எண்ணு!" தீஸ் என்றால் முப்பது.

அந்த நேரத்தில் எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை, துப்பாக்கியைத் திருப்பி, என்ன ஆச்சு என்று குழலுக்குள் எட்டிப் பார்ப்பது. அதைத்தான் செய்யவே கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். விசையை இழுத்ததும் ஓர் ஊசி தோட்டாவின் பின்பக்கத்தில் அடிக்கிறது. அங்கே இருக்கும் கொஞ்சூண்டு ரசாயனம் பொறி கிளப்புகிறது. பொறி உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது. இது மூன்று விதமாகப் பிசகலாம். ஒன்று, பொறியே வராமல் போவது, இதுதான் மிஸ்ஃபயர். இரண்டு, பொறி வந்து மருந்து புகைந்துகொண்டிருந்துவிட்டு, சாவகாசமாக வெடிப்பது. மூன்று, அரைகுறையாக வெடித்துக் குண்டு குழலின் நடுவில் மாட்டிக்கொள்வது.

முதல் இரண்டுக்கும் ஆரம்பத்தில் வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம். அதனால்தான் முப்பது எண்ணச் சொன்னார். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். பிறகு முகத்தை ஒதுக்கிக்கொண்டு தோட்டாவை வெளியே எடுத்துத் தனியே வைக்க வேண்டும். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரக் கூடாது.

மூன்றாவது ரகம் இன்னும் மோசம். சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாகக் கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. குழல் அடைத்துக்கொண்டிருந்தால் துப்பாக்கியே வெடிக்கும்.

ப்ரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ செத்துப்போனது இப்படி மாட்டிக்கொண்ட ஒரு குண்டினால்தான். 1993 மார்ச். அமெரிக்காவில் 'தி க்ரோ' படப்பிடிப்பு. குளோசப்பில் நிஜம் போலத் தெரிய வேண்டும் என்று, நிஜத் தோட்டாக்களிலிருந்து மருந்தைக் கொட்டிவிட்டுக் குண்டை மறுபடி பொருத்தியிருந்தார்கள். பின்பக்கத்துப் பொறி ரசாயனம் மட்டும் பாக்கி. யாரோ விசையை இழுத்ததில் குண்டு கொஞ்சம் நகர்ந்து குழலுக்குள் உட்கார்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில், சத்தம் மட்டும் எழுப்பும் வெற்றுத் தோட்டாவைப் போட்டு, காட்சிக்காக அவரைப் பார்த்துச் சுட்டார்கள். அது குழலில் இருந்த குண்டையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. அவருக்கு வயது 28.

சமீபத்தில் ஒரு நண்பர் போன் பண்ணினார். ஊரில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாராம். வேட்டைத் துப்பாக்கித் தோட்டாக்கள் ஒரு டஜன். அட்டைக் குழாய் உப்பி, பித்தளை பச்சை பூத்திருக்கிறது. "அம்பது வருஷப் பழசு. மருந்தெல்லாம் செத்திருக்கும். பித்தளைதானே, காயலான் கடையில போட்டுடவா?"

"தொடாதீங்க" என்றேன்.

பழசானால் செத்துப்போகும் என்பது நம் கணக்கு. ரசாயனத்தின் கணக்கு வேறு. ஈரமும் வெயிலும் பட்டுச் சில வெடிமருந்துகள் மந்தமாகும்; சில முரடாகும். எது எப்படி என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிமேல் போட்ட குண்டுகளில் ஒரு ரகம், விழுந்து பல மணி நேரம் கழித்து வெடிக்க வேண்டியது. உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பி உடைந்து, அசிட்டோன் கசிந்து, ஊசியைப் பிடித்திருக்கும் செல்லுலாய்டு வில்லையைக் கரைக்கும். குண்டு தலைகீழாகப் புதைந்ததால் சிலவற்றில் அசிட்டோன் சரியாக இறங்கவில்லை. வில்லை மட்டும் வருஷா வருஷம் நைந்துகொண்டே வந்தது. 2010-ல் கோட்டிங்கன் நகரத்தில் அப்படி ஒன்றைச் செயலிழக்க வைக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்த மூன்று நிபுணர்கள் இறந்துபோனார்கள். போர் முடிந்து 65 வருஷம் கழித்து!

காயலான் கடைக்கும் ஒரு கதை இருக்கிறது. 2004 செப்டம்பரில் டெல்லிக்குப் பக்கத்தில் காஜியாபாதில் ஓர் இரும்பு ஆலை. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்பில் வெடிக்காத பீரங்கிக் குண்டுகள் கலந்திருந்தன. வெடித்ததில் 10 தொழிலாளிகள் பலி. அதற்குப் பிறகுதான் இறக்குமதிப் பழைய இரும்புக்குச் சோதனைச் சான்றிதழ் என்று கெடுபிடி வந்தது.

லாவோஸில் 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் கொட்டிய கொத்துக் குண்டுகளில் சுமார் 27 கோடிச் சின்னக் குண்டுகள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய 8 கோடி வெடிக்கவில்லை. டென்னிஸ் பந்து சைஸ். குழந்தைகள் பந்து என்று எடுக்கிறார்கள். ஏழைகள் இரும்பு விலைக்கு எடுக்கிறார்கள். போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதை எங்கும் பார்க்கப்போவதில்லை. விளையாடுகிறவனும் வயிற்றுப்பாட்டுக்குப் பொறுக்குகிறவனும்தான் அதன் எதிரில் நிற்கிறார்கள்.

ஆகவே, பரணிலோ கிணற்றடியிலோ பழைய தோட்டாவோ குண்டோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், தட்டாதீர்கள், துடைக்காதீர்கள். பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கும் போகாதீர்கள். குழந்தைகளை விலக்கிவிட்டு 112-க்குப் போன் பண்ணினால் போதும். அவர்கள் வந்து பார்ப்பார்கள். தாத்தாவின் துப்பாக்கியும் இருந்தால், அதை போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம்.

நண்பர் அப்படியே செய்தார். வந்த சப்-இன்ஸ்பெக்டர் தோட்டாக்களைப் பார்த்துவிட்டு அவரிடம் முதலில் கேட்ட கேள்வி: "வீட்டுல சின்னப் பசங்க யாராவது இருக்காங்களா, சார்?"