காலையில் இறங்கும்... பத்து மணிக்கு மேல் ஏறும்! ஹாங்காங்கின் நகரும் படிக்கட்டுத் தெரு

காலை மணி 9.55. ஹாங்காங் தீவின் சென்ட்ரல் பகுதி. காக்ரேன் தெருவுக்கு மேலே ஓடும் எஸ்கலேட்டரில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் காபி கப்போடு ஆட்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கீழே, பக்கத்துப் படிகளில் இரண்டு கைகளிலும் காய்கறிப் பைகளோடு ஒரு பெண் மூச்சு வாங்க ஏறிப் போகிறார். அவருக்குப் பின்னால் வந்த சிலர் மட்டும் ஏறாமல், செல்போனைப் பார்த்தபடி ஓரமாக நின்றுவிட்டார்கள்.

அவர்கள் காத்திருப்பது ஐந்தே நிமிடங்களுக்காக. மணி பத்து ஆனால், இறங்கிக்கொண்டிருக்கும் அதே எஸ்கலேட்டர் திசை மாறி மேலே ஏற ஆரம்பித்துவிடும்!

சென்ட்ரல் - மிட்-லெவல்ஸ் எஸ்கலேட்டர். வெட்டவெளியில், தலைக்கு மேல் கூரையோடு ஓடும் எஸ்கலேட்டர் வரிசைகளில் உலகின் மிக நீளமானவற்றில் ஒன்று இது. மொத்த நீளம் சுமார் 800 மீட்டர். கீழிருந்து மேல் வரை 135 மீட்டர் உயரம், அதாவது ஏறக்குறைய 40 மாடிக் கட்டடம். ஒரே நீட்டாக ஓடுவது என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு குறுக்குத் தெரு வரும்போதும் நின்று, சிறு பாலத்தில் நாலு எட்டு நடந்து, அடுத்த எஸ்கலேட்டரில் ஏற வேண்டும். சில இடங்களில் படிகளே இல்லாமல் சாய்வாக நகரும் நடைபாதை. அசையாமல் நின்றபடியே போனால் உச்சிக்குப் போய்ச் சேர சுமார் 20 நிமிடங்கள். கட்டணம்? ஒரு காசு கிடையாது.

இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அந்த ஊரின் மலைதான் பதில். ஹாங்காங் தீவில் கடலோரம் கொஞ்சம் சமதளம். அதைத் தாண்டினால் நேராக மலை. ஆங்கிலேயர் காலத்தில் பணக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து மேலே வீடு கட்டினார்கள். அவர்களைப் பல்லக்கு மாதிரியான நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏறியவர்கள் சீனத் தொழிலாளர்கள். உச்சிப் பகுதியில் சீனர்கள் குடியிருக்கக் கூடாது என்று 1904-ல் சட்டமே போட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் அது நீங்கியது. எவ்வளவு உயரத்தில் வீடு இருக்கிறதோ, அவ்வளவு அந்தஸ்து!

கடலோரத்துக்கும் உச்சிக்கும் இடையே இருக்கும் சரிவுதான் மிட்-லெவல்ஸ். பின்னாளில் அங்கே அடுக்குமாடிகள் நெருக்கியடித்து எழுந்தன. தெருக்களோ குறுகல். அகலப்படுத்த இடமும் இல்லை. மலையைக் குடைந்து விளையாடுவதன் ஆபத்தையும் ஊர் பார்த்திருந்தது. 1972 ஜூன் மாதப் பெருமழையில் அதே மிட்-லெவல்ஸில் ஏற்பட்ட நிலச்சரிவு 67 பேரைப் பலிகொண்டது. கார்கள் நகராத தெருவில் மனிதர்களையாவது நகர்த்தலாம் என்று வந்த யோசனைதான் இது. 1993 அக்டோபரில் எஸ்கலேட்டர் ஓட ஆரம்பித்தது.

வேடிக்கை என்னவென்றால், எந்தக் காரணத்துக்காகக் கட்டினார்களோ அது நடக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் அரசுத் தணிக்கைத் துறை குட்டு வைத்தது. செலவு மதிப்பீட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. போக்குவரத்து நெரிசலோ குறையவில்லை என்றது அறிக்கை. கார் வைத்திருந்தவர்கள் காரிலேயே போனார்கள். அதுவரை மேடு ஏறத் தயங்கியவர்கள்தான் எஸ்கலேட்டருக்கு வந்தார்கள். இன்று தினமும் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் இதில் போய் வருகிறார்கள். கணக்குப் புத்தகத்தில் தோற்ற திட்டம், தெருவில் ஜெயித்துவிட்டது.

அந்த ஜெயிப்புக்கும் ஒரு விலை உண்டு. ஹாலிவுட் ரோட்டுக்குத் தெற்கே ஒரு காலத்தில் சிறு கடைகளும் பழைய குடியிருப்புகளுமாக அமைதியாக இருந்த சந்துகளுக்கு, எஸ்கலேட்டர் வந்ததும் ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் வந்ததும் உணவகங்கள், மது விடுதிகள் வந்தன. 'சோஹோ' என்று புதுப் பெயரும் வந்தது. பின்னாலேயே வாடகை ஏறியது. எஸ்கலேட்டர் போகும் உயரத்துக்கு முதல் மாடிகள் இருப்பதால், அங்கே முதல் மாடிக் கடைக்குத்தான் மவுசு! போகிறவர்களின் கண்ணுக்கு நேரே பெயர்ப் பலகை தெரியுமே. பக்கத்திலேயே கிரகாம் தெருச் சந்தை. ஒன்றரை நூற்றாண்டு பழைமையான காய்கறி, மீன் சந்தை. நகரப் புதுப்பிப்பில் அதன் ஒரு பகுதி இடிபட்டு, பக்கத்தில் கோபுரங்கள் எழுந்துவிட்டன. மிச்சமிருக்கும் கடைகளில் இன்னமும் கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் மாடி வீட்டுக்காரர்கள் பாடுதான் பாவம். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஊரே வரிசையாக நகர்ந்து போகும். இதையே கதைக்குள் கொண்டுவந்தார் இயக்குநர் வோங் கார்-வாய். 1994-ல் வெளியான அவருடைய 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' படத்தில் எஸ்கலேட்டரை ஒட்டி இருக்கும் போலீஸ்காரரின் வீடு, நிஜத்தில் ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோபர் டாய்லின் வீடு.

கீழே சென்ட்ரல் மார்க்கெட் கட்டடத்திலிருந்து புறப்பட்டால், பழைய போலீஸ் நிலையமும் விக்டோரியா சிறையும் சேர்ந்த 'டாய் குவுன்' வளாகத்துக்கு ஒரு பாலம் பிரிகிறது. வியட்நாம் தலைவர் ஹோ சி மின் 1931-ல் அடைபட்டிருந்த சிறை இது. 2018 முதல் கலை மையம். இன்னும் மேலே ஷெல்லி தெருவில், மரங்களுக்கு நடுவே வெளிர்பச்சை நிறத்தில் ஜாமியா மசூதி. ஹாங்காங்கின் மிகப் பழைய மசூதி. இப்போதிருக்கும் கட்டடம் 1915-ல் எழுந்தது. அதன் வாசலில் நின்றால் சென்ட்ரலின் இரைச்சல் நின்றுவிடுகிறது.

மீண்டும் அந்தப் பத்து மணிக்கு வருவோம். காலை 6 முதல் 10 வரை இறக்கம். 10 முதல் நள்ளிரவு வரை ஏற்றம். மேலே குடியிருந்து கீழே ஆபீஸ் போகிறவர்களுக்குக் கச்சிதமான நேரம். அதிகாலையில் சந்தைக்குப் போய்த் திரும்பும் முதியவர்களுக்கும் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் இது எதிர்த்திசை. ஹாங்காங்கில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்த பணிப்பெண்கள் 3 லட்சத்துக்கும் மேல். வேலை செய்யும் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது விதி. மிட்-லெவல்ஸ் வீடுகளின் சமையலறை நேரத்தோடு இயங்க வேண்டுமானால், பத்து மணி வரை அவர்கள் கீழே காத்திருக்க முடியாது. பையைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியதுதான். மேலே போகவும் கீழே வரவும் இரண்டு பாதை போட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். தெருவின் குறுகலைப் பார்த்தால் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஏறும்போது கவனிக்க ஒரு விஷயம். படிகளின் இரு ஓரத்திலும் நீளமாக ஒரு பிரஷ் இருக்கும். பலரும் அதில் ஷூவைத் தேய்த்துத் துடைக்கிறார்கள். அது பாலிஷ் போட வைத்ததில்லை! படிக்கும் பக்கச் சுவருக்கும் இடையே இருக்கும் இடுக்கில் செருப்போ துணியோ சிக்காமல் காலைத் தள்ளி வைக்கச் சொல்லும் எச்சரிக்கை. புடவை, துப்பட்டா, மெத்தென்ற ரப்பர் செருப்பு அணிந்த குழந்தைகள் எல்லோரும் மனதில் வைக்க வேண்டியது.

இயந்திரத்துக்கும் வயதாகிறது. 2018-ல் தொடங்கி, பழைய எஸ்கலேட்டர்களைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் புதிது மாட்டினார்கள். ஒரு பகுதி மூடிக் கிடந்த நாள்களில், எஸ்கலேட்டரை நம்பி மேலே வீடு எடுத்தவர்களும் பழைய கல்படிகளுக்கே திரும்ப வேண்டியிருந்தது.

நள்ளிரவு 12. எஸ்கலேட்டர் நின்றுவிடுகிறது. சோஹோவில் கடைசி மேஜையைத் துடைத்துவிட்டு வரும் ஊழியர்களில் மேலே போக வேண்டியவர்கள் அண்ணாந்து ஒரு முறை பார்க்கிறார்கள். பிறகு பக்கத்துப் படிகளில் ஏறத் தொடங்குகிறார்கள். அடுத்து அது ஓடப்போவது காலை ஆறு மணிக்கு. அதுவும் கீழ்நோக்கி.