பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு வால்வு

கிட்டார் வாசிக்கிற ஃப்ரெண்ட் ஒருத்தன் இருந்தாலே போதும், 'ட்யூப் சவுண்ட்' என்கிற வார்த்தையை நீங்க கேட்டிருப்பீங்க. கண்ணாடிக் குமிழுக்குள் ஆரஞ்சு வெளிச்சம், பக்கத்தில் நாலு திருகு, விலை நம்ம மெஸ் பில்லையே தாண்டும். எனக்கு விலையை விட வேறொரு சந்தேகம். வால்வுக்கு 250 வோல்ட் கொடுக்கணும்னு டேட்டாஷீட் சொல்லுது. 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிற பெடலுக்குள் அது நிஜமாவே வேலை செய்யுதா, இல்ல கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி சும்மா எரியுதா?

சந்தேகம் நியாயமானதுதான். வால்வுக்கு அடியில் ஒரு எல்இடியை ஒளிச்சு வெச்சிட்டு, ஓவர்டிரைவ் வேலை முழுக்க ஆப்-ஆம்பும் டையோடும் பார்க்கிற பெடல்கள் மார்க்கெட்டில் உண்டு. அதனால ஒண்ணு நாமே செஞ்சு, அளந்து பார்த்துடலாம்னு இறங்கினேன்.

ஓசூர்க்காரங்களுக்கு வால்வு ஒண்ணும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. பெங்களூரு ஜாலஹள்ளியில் 1954-ல் தொடங்கின பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1961-லேயே ரேடியோ வால்வுகள் செய்ய ஆரம்பிச்சிருச்சு. எங்க வீட்டுப் பரணில் தாத்தாவோட ரேடியோ இருக்கு, அதில் ஸ்பீக்கரை ஓட்டுகிற வால்வு ஈஎல்84. அதைக் கழற்றிப் போடலாமேன்னு கேட்பீங்க. அதன் ஹீட்டருக்கு மட்டுமே 6.3 வோல்ட்டில் 760 மில்லிஆம்ப் வேணும். பெடலுக்கு அது ரொம்ப ஓவர். இன்னொரு விஷயம்: ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் அந்த மாதிரி ரேடியோவின் பெரிய கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். ஆசையில் கையை விட்டுடாதீங்க. தாத்தா ரேடியோ பரணிலேயே இருக்கட்டும்.

குறைந்த வோல்ட்டில் வால்வு ஓட்டுவது புது யோசனையும் இல்லை. 1950-களில் கார் ரேடியோவுக்கு இதே தலைவலி. பேட்டரி 12 வோல்ட், வால்வு கேட்பதோ நூற்றுக்கணக்கில். ஆரம்பத்தில் வைப்ரேட்டர் என்கிற ஒரு சாதனத்தை வைத்து வோல்டேஜை ஏற்றினார்கள். டிரான்சிஸ்டர் முழுசா இடம் பிடிப்பதற்குள், ஈசிசி86 மாதிரி பேட்டரி வோல்டேஜிலேயே ஓடுகிற வால்வுகளும் வந்தன. நான் எடுத்தது அந்த வகை இல்லை, சாதாரண 12ஏயூ7. 'வால்வ்காஸ்டர்' என்ற பெயரில் சுற்றுகிற சர்க்யூட்டை கிட்டார் பசங்க பார்த்திருப்பீங்க. அந்த வழியில்தான் என்னோடதும்.

ஒரு சனிக்கிழமை ஓசூரிலிருந்து பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, எஸ்.பி. ரோட்டில் வால்வும் சாக்கெட்டும் வாங்கினேன். "ரேடியோ ரிப்பேரா தம்பி?" என்றார் கடைக்காரர். கிட்டாருக்கு என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். எலக்ட்ரானிக்ஸுக்கு பெங்களூரு, ஆனால் இரும்பு அலுமினியம் என்றால் ஓசூரை அடிச்சுக்க ஆளில்லை. சிப்காட் பக்கத்தில் சின்ன டூல் ரூம் வெச்சிருக்கிற ஒரு அண்ணன், அலுமினியப் பெட்டியில் 22 மில்லிமீட்டர் ஓட்டையைப் பிசிறே இல்லாமல் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கலை. "வாசிச்சுக் காட்டு, போதும்" என்றார்.

12ஏயூ7-க்குள் ரெண்டு ட்ரையோடு இருக்கு. 4, 5-ஆம் பின்களுக்கு 12 வோல்ட் கொடுத்தால் ஹீட்டர் சுமார் 150 மில்லிஆம்ப் இழுக்கும். 9 வோல்ட் பேட்டரியை மறந்துடுங்க, சீக்கிரமே படுத்துடும். ஒவ்வொரு ப்ளேட்டுக்கும் 100 கிலோ ஓம், ஒவ்வொரு கிரிட்டிலிருந்தும் கிரவுண்டுக்கு 1 மெகா ஓம், நடுவில் 22 நானோ ஃபாரட், ஒரு கெய்ன் பாட், ஒரு வால்யூம் பாட். அவ்வளவுதான்.

முதல் ப்ளேட்டில் மல்டிமீட்டர் வெச்சேன்: 6.2 வோல்ட். அப்போ ரெசிஸ்டரில் விழுவது 5.8 வோல்ட், கரண்ட் 58 மைக்ரோஆம்ப். டேட்டாஷீட்டில் 250 வோல்ட்டுக்குப் போட்டிருப்பது 10.5 மில்லிஆம்ப். கிட்டத்தட்ட 180-ல் ஒரு பங்கு! வால்வு பட்டினி கிடக்குது. ஆனா சாகலை. ஹீட்டர் முழுச் சூட்டில் இருப்பதால் கேத்தோடு எலக்ட்ரான்களைக் கொட்டிக்கிட்டே இருக்கு. ப்ளேட்டுக்குத்தான் இழுக்கத் தெம்பில்லை. கேத்தோடைச் சுற்றி மேகம் மாதிரி எலக்ட்ரான்கள் நிற்க, அதுக்கு நடுவில் இருக்கிற கிரிட் கொஞ்சத்தைப் பிடிச்சுக்குது. அந்தத் துளி கரண்ட் 1 மெகா ஓம் வழியா ஓடி, கிரிட்டைத் தானாகவே மைனஸ் 0.4 வோல்ட்டில் உட்கார வைக்குது. பயஸுக்குத் தனி ஏற்பாடே தேவைப்படலை. மூணாவது செமஸ்டரில் மனப்பாடம் பண்ணின 'ஸ்பேஸ் சார்ஜ்' இதுதான்னு எனக்கு அப்போதான் உறைச்சுது.

லேபில் 100 மில்லிவோல்ட் சைன் வேவ் கொடுத்தேன். முதல் ஸ்டேஜில் ஏழு மடங்கு வந்தது. கெய்னை ஏற்ற ஏற்ற ரெண்டாவது ஸ்டேஜ் வெளியீட்டில் வேவ் உருமாறியது: மேல் பக்கம் மெதுவா வளைஞ்சு உருண்டது, கீழ்ப் பக்கம் வெட்டின மாதிரி தட்டை. மேலே நடப்பது வால்வு கட்-ஆஃப் ஆவது. கீழே நடப்பது கிரிட் பாசிட்டிவ் பக்கம் போய் கரண்ட் இழுத்து, உள்ளே வர்ற சிக்னலையே அமுக்குவது. ரெண்டு பக்கமும் சமமா இல்லாததால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகளும் சேருது. ஆக, இந்த வால்வு சும்மா எரியலை.

காதுக்குத் தெரியுதா என்பது வேற கேள்வி. அதே பெட்டி அளவில் ஜேஃபெட் போட்டு இன்னொரு பெடல் செஞ்சு, ஹாஸ்டல் பசங்களைத் திரும்பி உட்காரச் சொல்லி ரெண்டையும் வாசிச்சேன். கெய்ன் முழுசா இருந்தப்போ ஒருத்தனும் சரியா சொல்லலை. சும்மா குத்துமதிப்பு. கிட்டாரோட வால்யூமைப் பாதியாக் குறைச்சதும்தான் கதை மாறுச்சு: வால்வு பெடல் கரகரப்பை விட்டு மெல்ல க்ளீனுக்கு வந்தது, ஜேஃபெட் என்னோடது அந்த அளவுக்கு வரலை. "இதுதான் வால்வு" என்று சர்ச்சில் வாசிக்கிற பையன் முதலில் கண்டுபிடிச்சான். என்னைக் கேட்டால் அந்த ஒரு குணத்துக்காக மட்டும் இதைச் செய்யலாம். ராக் கச்சேரியில் கெய்னைக் கடைசி வரை திருப்பி விட்டு வாசிக்கிறவங்க ஜேஃபெட்டே போடுங்க, காசு மிச்சம்.

செய்யப் போறவங்களுக்கு ஒண்ணு. மலிவான அடாப்டரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். ப்ளேட் சப்ளைக்கு மட்டும் 1 கிலோ ஓமும் 470 மைக்ரோ ஃபாரட்டும் சேர்த்து வடிகட்டினால் அடங்கிடும். ஹீட்டரை அந்த 1 கிலோ ஓமுக்கு முன்னாடியே நேரா எடுத்துடுங்க. டூல் ரூம் அண்ணன் இன்னும் ரெண்டு பெட்டி ஓட்டை போட்டு வெச்சிருக்கார்; வேணுங்கிறவங்க ஈசிஈ லேப் பக்கம் வாங்க.